நேர் வகிடு

ஜூன் 10, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. சுபிக்ஷா ஏழாம் வகுப்பு. இட்லியை அடுப்பில் ஏற்றிவிட்டு அவளை மனைக்கட்டையில் உட்காரவைத்துத் தலை பின்னினேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் ரெட்டை ஜடைதான், மடித்து ரிப்பன் கட்ட வேண்டும். குளித்த ஈரத்தோடு எண்ணெய் வைத்து, நேர் வகிடு எடுத்து, ஒரு பிசிறு இல்லாமல் இறுக்கி முடித்தேன். கண்ணாடியைக் காட்டினால் "நல்லா இருக்கு சித்தி" என்றாள். எதைக் கேட்டாலும் இதுதான் பதில். கத்தரிக்காய்க் கூட்டில் நான் உப்புப் போட மறந்த அன்றும் நல்லா இருக்கு என்றே சொன்னாள்.

பஸ் முதலாளி வருஷா வருஷம் என் வீட்டுக்காரருக்கு ஒரு டைரி கொடுக்கிறார். அவர் அதில் ஒரு எழுத்து எழுதியதில்லை. வீணாகப் போவானேன் என்று நான் எடுத்துக்கொண்டேன். எழுதுவதற்கு இங்கே என்ன இருக்கிறது? அவர் மதுரை பஸ் ஓட்டுகிறார். விடியுமுன் போனால் பொழுது சாய்ந்து வருவார். பகலில் வீட்டில் நானும், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சுபியும், சுவரில் பேச்சியும்தான்.

பேச்சியம்மாள் அவருடைய முதல் சம்சாரம். சுபி ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் முப்பத்துமூன்று வயதில் நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டேன். சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் அவள் ஒற்றைச் சடையை முன்னால் எடுத்துப் போட்டிருக்கிறாள். சடை இடுப்பைத் தாண்டிப் படத்துக்கு வெளியே போகிறது.

ஜூன் 23, ஞாயிறு

பேச்சியின் அண்ணன் செல்லச்சாமி விளாத்திகுளத்திலிருந்து வந்திருந்தார். வத்தல் வியாபாரம். பிள்ளை குட்டி இல்லாதவர். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே சுபியைத் தாங்கள் வளர்ப்பதாகக் கேட்டார். இவர் மறுத்ததும், "சரி மாப்ளே, உங்க பிள்ளை. ஆனா அவளுக்கு ஒரு குறை வந்துச்சுன்னா நான் சொல்லிக்கிட்டு நிக்கமாட்டேன், கூட்டிட்டுப் போயிருவேன்" என்று கல்யாணப் பந்தியிலேயே சொன்ன மனிதர். அவர் வருகிறார் என்றால் முந்தின நாளே வீட்டை இரண்டு தரம் பெருக்கிவிடுவேன்.

இன்று சுபியின் ஜடையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "எந்தங்கச்சி முடி அப்படியே இருக்கு. நல்லா பாத்துக்கிடுத தங்கச்சி" என்று என்னிடம் சொன்னார். காப்பி டம்ளரை வாங்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மூன்று வருஷமாக எண்ணெய் தேய்த்துப் பின்னுவது நான், முடி மட்டும் பேச்சியின் முடி. நன்றாகத்தான் இருக்கிறது நியாயம்!

பேச்சிக்கு இடுப்புக்குக் கீழே என்றால் சுபிக்கு அதையும் தாண்ட வேண்டும். இறுக்கிப் பின்னினால்தான் முடி நீளும் என்று அம்மா சொல்வாள். சின்ன வயதில் எனக்கு அப்படித்தான் பின்னுவாள், புருவமே மேலே ஏறிவிடும். எனக்கு முடி நீளவில்லை என்பது வேறு விஷயம். எங்கள் வீட்டில் அம்மா, சித்தி, அக்கா எல்லோருக்குமே ஏறு நெற்றி. அது யோகமான நெற்றி என்பார்கள்.

ஜூலை 5, வெள்ளி

சுபிக்குத் தலைவலி. தைலம் தேய்த்தேன். பால் திரிந்துவிட்டது.

ஜூலை 16, செவ்வாய்

முன்நெற்றி ஓரமாகப் பொரிப்பொரியாகக் குரு கிளம்பியிருக்கிறது. சூட்டுக் கட்டி. எண்ணெய் இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தேன். முன்னால் இருக்கும் குட்டைமுடி எல்லாம் அறுந்து அறுந்து நிற்கிறது. அதையும் சேர்த்து இழுத்து ஹேர்பின் குத்தினால்தான் படிகிறது. ராத்திரியும் ஜடையை அவிழ்க்காதே என்று சொல்லியிருக்கிறேன். அவிழ்த்துப் போட்டுத் தூங்கினால் சிக்கு விழும், சிக்கு எடுத்தால் முடி போகும். குப்புறப் படுத்துத் தூங்குகிறாள். ஏன் என்று கேட்டேன். "அப்படித்தான் தூக்கம் வருது சித்தி" என்றாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆடி வெள்ளி. கோயிலில் நல்ல கூட்டம். மாவிளக்குத் தட்டோடு நின்ற ஒருத்தி சுபியைப் பார்த்து, "என்னம்மா, நெத்தி இம்புட்டு அகலமா ஆயிட்டு?" என்றாள். போன வருஷம் இதே வாய்தான் "எம்மாடி, எம்புட்டு முடி!" என்று சொன்னது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று சும்மாவா சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் மிளகாய், உப்பு, முச்சந்தி மண் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடியே வரவில்லை. அவ்வளவும் கண்.

சின்ன வெங்காயத்தை அரைத்து வகிட்டில் தேய்த்தேன். எரிந்திருக்க வேண்டும், கண்ணில் நீர் வந்தது. வாய் திறக்கவில்லை. பொறுமைசாலிப் பிள்ளை.

ஆகஸ்ட் 24, சனி

வகுப்பு டீச்சர் கூப்பிட்டுச் சொன்னதால் திருநெல்வேலிக்குப் போய்த் தோல் டாக்டரைப் பார்த்தோம். சின்ன வயதுப் பெண். ஜடையை அவளே அவிழ்த்தாள். அவிழ்க்க அவிழ்க்க சுபி கண்ணை மூடிக்கொண்டாள். வகிட்டில் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் தோல் தெரிந்தது. காதுக்கு மேலே இரண்டு பக்கமும் அப்படித்தான். அவிழ்த்து விரித்து வெளிச்சத்தில் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

"யாரு தலை பின்னுறது?" என்று கேட்டாள்.

"நான்தான் டாக்டர்."

"தினமும் இவ்வளவு இறுக்கமா? ஈரத்தோடயா? ராத்திரியும் அவிழ்க்கிறது இல்லையா?" வரிசையாகக் கேட்டாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "இழுக்க இழுக்க முடி நீளாதும்மா. வேர் வலிச்சு வலிச்சு ஒரு நாள் செத்துப்போகும். இப்பவே விட்டீங்கன்னா பாதியாவது திரும்பி வரும். வகிட்டை மாத்தி எடுங்க, தளர்வா கட்டுங்க, ராத்திரி அவிழ்த்து விடுங்க. இப்படியே போச்சுன்னா அந்த இடத்துல அப்புறம் புல்கூட முளைக்காது."

பள்ளிக்கூடத்துக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தாள். பஸ்ஸில் சுபி என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள். விரித்த தலையோடு ஒரு பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வர எனக்குக் கூச்சமாக இருந்தது. இறங்குமுன் ஒரு கொண்டை போட்டுவிட்டேன்.

அவரிடம் சொன்னேன். "டாக்டர் சொன்னபடி செய்யி" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். மனிதருக்கு அலுப்பு.

செப்டம்பர் 4, புதன்

டாக்டர் சொன்னபடியே செய்தேன். தளர்ந்த ஜடை, கோணல் வகிடு. காலையில் வாசலில் நிறுத்திப் பார்த்தால் ஏதோ தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி இருந்தாள். சாயங்காலம் ரிப்பன் ஒரு பக்கம், முடி ஒரு பக்கமாக வந்தாள்.

இன்று ரேஷன் கடை வரிசையில் எனக்குப் பின்னால் இரண்டு பேர். சுபி பையோடு என்னைத் தேடி வந்தாள். ஒருத்தி இன்னொருத்தியிடம் மெல்லத்தான் சொன்னாள், ஆனால் எனக்குக் கேட்கும்படி: "பேச்சி இருக்கும்போது இந்தப் பிள்ளை தலை எப்படி இருக்கும்! என்ன இருந்தாலும் தாயில்லாப் பிள்ளை."

சீனியை வாங்காமல் வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் காது எரிந்தது. மூன்று வருஷமாக விடிந்ததும் விடியாததுமாக அந்தத் தலையோடு மல்லுக்கட்டுவது நான். தளர்ந்த ஜடையோடு ஒரு வாரம் வெளியே வந்தாள், அதற்குள் தாயில்லாப் பிள்ளை ஆகிவிட்டாள். இது நாளைக்கு விளாத்திகுளம் போகாதா? செல்லச்சாமிக்கு இந்த ஊரில் ஆளா இல்லை?

செப்டம்பர் 5, வியாழன்

பழையபடியே பின்னினேன். மனைக்கட்டையைப் போட்டதும் ஓடிவந்து உட்கார்ந்தாள். "வலிக்குதா?" என்று கேட்டேன். "இல்ல சித்தி" என்றாள். அவளுக்கே வலிக்கவில்லை என்றால் டாக்டருக்கு என்ன?

செப்டம்பர் 15, ஞாயிறு

வள்ளித்தாய் மதினி வந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு அக்கா, அடுத்த தெரு. என்னைப் பெண் பார்த்து இந்த வீட்டுக்குக் கொண்டுவந்ததே அவர்கள்தான். சுபியின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தார்கள்.

"என்ன செண்பகம் இது? தரிசு விழுந்த காடு மாதிரி அங்கங்க ஒண்ணுமே இல்லாம கெடக்கு!"

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல.

"டாக்டர் கெடக்கா. ஒரு மொட்டையப் போட்டுரு. திருச்செந்தூருக்கு நேந்துக்கிட்டுப் போயி முடியெறக்கிட்டு வந்தா, கரிசக்காட்டுல மழை பெஞ்ச மாதிரி கருகருன்னு வந்துரும். அதையும் இப்பவே செய்யணும். நாளைக்கே பிள்ளை சமைஞ்சிட்டான்னு வையி, அப்புறம் மொட்டை போட முடியுமா? சடங்குக்கு மாமன்காரன் சீரோட வந்து நிக்கும்போது தலையில பூ வைக்க முடி வேண்டாமா?"

எனக்கு மனசு லேசாகிவிட்டது. இதை ஏன் நான் யோசிக்கவில்லை? எல்லாவற்றையும் வழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். செல்லச்சாமிக்கும் ஒரு பதில் ஆயிற்று: வேண்டுதல். முருகனுக்குக் கொடுத்த முடியை யார் குறை சொல்ல முடியும்?

சுபியிடம் சொன்னேன். "அப்ப காலையில பின்ன வேண்டாமா சித்தி?" என்று கேட்டாள். வளரும்வரை வேண்டாம், இரண்டு பேருக்கும் லீவு என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

செப்டம்பர் 30, திங்கள்

காலாண்டு லீவு. திருச்செந்தூர் போய் முடியிறக்கினோம். நாழிக்கிணற்றில் குளித்துவிட்டு ஈரத்தலையில் சந்தனம் பூசினேன். கை குளிர்ந்து போயிற்று. மொட்டைத் தலையில் சுபி இன்னும் சின்னப் பிள்ளையாகத் தெரிந்தாள். சந்தனத்தை மெல்லத் தடவும்போது கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். இவர் இரண்டு பேருக்கும் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தார். நல்ல தரிசனம்.

அக்டோபர் 14, திங்கள்

பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்களாம். துணி கட்டிக்கொண்டு போகச் சொன்னேன். துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது.

நவம்பர் 10, ஞாயிறு

முளைத்துவிட்டது! கையை வைத்தால் சொரசொரவென்று இருக்கிறது. உச்சி, பின்மண்டை எல்லாம் கருகரு. மதினிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நான் சொல்லல?" என்றார்கள். முன்பக்கம் கொஞ்சம் பிந்தும் போலிருக்கிறது. வயலில்கூட ஓரம் பிந்தித்தான் முளைக்கும்.

டிசம்பர் 8, ஞாயிறு

முன்பக்கம் இன்னும் வரவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

எழுத வேண்டாம் என்றுதான் ஒரு வாரமாக டைரியைத் தொடவில்லை.

சுபியை முற்றத்து வெயிலில் உட்காரவைத்துப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் ஒரு அங்குலத்துக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. அதனால்தான் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. நெற்றியிலிருந்து பிடரி வரை நேராக ஒரு கோடு. சீப்பின் வாலால் கிழித்த மாதிரி நேர்க்கோடு. அதில் ஒரு முடி இல்லை. நெற்றி ஓரம் முழுக்க இல்லை. காதுக்கு மேலே, ஜடையை மடித்துத் தூக்கிக் கட்டுகிற இடத்தில், இரண்டு பக்கமும் ஒரே அளவில் இரண்டு வட்டம். தோல் பளபளவென்று இருக்கிறது. அந்தத் தலையில் யாரோ ரெட்டை ஜடையை வரைந்து வைத்ததுபோல் இருக்கிறது.

அது யார் கை வரைந்தது என்று நான் இதில் எழுதப்போவதில்லை.

"வளந்திருக்கா சித்தி?" என்று கேட்டாள். வளர்ந்திருக்கு என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

டிசம்பர் 21, சனி

அதே டாக்டர். ஒரு சின்னப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். வேர் செத்துவிட்டது, தழும்பாகிவிட்டது, இனி அந்த இடத்தில் வராது என்றாள். மொட்டை போட்டால் வரும் என்று யார் சொன்னது, மேலே இருக்கிறதை வெட்டினால் கீழே செத்த வேர் எப்படிப் பிழைக்கும் என்று கேட்டாள். திட்டக்கூட இல்லை. திட்டியிருக்கலாம்.

பிறகு சுபியிடம் குனிந்து, "பின்னும்போது வலிக்கலையாம்மா?" என்று கேட்டாள்.

"வலிக்கும்."

"அப்ப ஏன் சொல்லலை?"

சுபி என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "சொன்னா சித்தி என்னைய உக்காரவச்சுப் பின்னமாட்டாங்க."

டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏன் அப்படிப் பார்த்தாள் என்று தெரியவில்லை. பின்னாவிட்டால் பள்ளிக்கூடத்தில் அடிப்பார்கள் என்று பிள்ளை பயந்திருக்கும்.

ஜனவரி 3, வெள்ளி

புது டைரி வந்தது. பழையதில் பக்கம் மிச்சம் இருக்கிறது. இதிலேயே தேதியைத் திருத்தி எழுதுகிறேன்.

காலையில் சுபி தானே மனைக்கட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கையில் சீப்பு. இருக்கிற முடிக்கு இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். என்னால் முடியவில்லை. சீப்பை வாங்கித் திரும்ப அவள் கையிலேயே கொடுத்தேன். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சீவுவது? "நீயே சீவிக்கோ, எனக்கு வேலை கிடக்கு" என்றேன். வேலை ஒன்றும் இல்லை. கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

ஜனவரி 7, செவ்வாய்

இன்றும் மனைக்கட்டையில் வந்து உட்கார்ந்தாள். இன்றும் போகச் சொன்னேன்.

இனி இந்தப் பாவக் கை அந்தத் தலையில் படக்கூடாது. அவளுக்கு நான் செய்யக்கூடிய நல்லது அது ஒன்றுதான். எண்ணெய்ப் பாட்டிலையும் பரண்மேல் தூக்கி வைத்துவிட்டேன்.

ஜனவரி 10, வெள்ளி

மனைக்கட்டை சுவரோரம் அப்படியே இருந்தது. அவள் வரவில்லை. நல்லது.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். செல்லச்சாமியும் அவர் சம்சாரம் ராஜகனியும் பொங்கப்படியோடு வந்தார்கள். கரும்பு, மஞ்சள்கொத்து, சுபிக்குப் பாவாடை தாவணி. சுபி தலையில் துண்டு கட்டியிருந்தாள். ராஜகனி விளையாட்டாக அதை இழுத்தாள்.

திருச்செந்தூர் வேண்டுதல் என்று சொன்னேன். செல்லச்சாமி சுபியைப் பக்கத்தில் கூப்பிட்டு, விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். நெற்றியிலிருந்து பிடரி வரை.

"இது வேண்டுதல் இல்ல தங்கச்சி" என்றார். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். "இது என்னன்னு எனக்குத் தெரியல. ஆனா இது வேண்டுதல் இல்ல."

என் வீட்டுக்காரர், டாக்டர் சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டார். பொங்கலுக்கு வந்திருந்த வள்ளித்தாய் மதினி மட்டும் எனக்காகப் பேசினார்கள்: "அவ என்ன, பிள்ளைக்குக் கெடுதல் நெனச்சா செஞ்சா? நல்லா இருக்கணும்னுதானே இழுத்துக் கெட்டினா?" அதைக் கேட்கும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

செல்லச்சாமி பிள்ளையையே கேட்டுவிட்டார். "சுபி, மாமாகூட வாறியா? இல்ல, இங்கயே சித்திகிட்ட இருக்கியா? நீ சொல்லுதபடிதான்."

அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் வாயைத் திறந்து இரு என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"வாறேன் மாமா" என்றாள்.

ஜனவரி 19, ஞாயிறு

போய்விட்டாள். துணி, புத்தகம், பேச்சியின் படம் எல்லாம் போயிற்று. சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. இவர் டூட்டிக்குப் போய்விட்டார். ஒரு டம்ளர் அரிசி போட்டுச் சோறு வடித்தேன், அதுவும் மிச்சம்.

என்மேல் வெறுப்பு இருக்கத்தானே செய்யும். இருக்கட்டும்.

ஜனவரி 24, வெள்ளி

ராஜகனி போன் செய்தாள். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நல்லா இருக்கா, ஆனா ரொம்பப் பேசமாட்டேங்கா என்றாள். அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்:

"சொல்லலாமா வேண்டாமான்னு தெரியல மதினி. நேத்து எண்ணெய் தேச்சு விடும்போது ஏன்ட்டி சித்திய விட்டுட்டு வந்தேன்னு கேட்டேன். 'சித்திக்கு என் முடியத்தான் பிடிக்கும் அத்தை. முடி இருந்தவரைக்கும் தெனமும் பக்கத்துல உக்காரவச்சுக்கிட்டாங்க. முடி போனதும் என்னையத் தொடவே மாட்டேன்னுட்டாங்க'ன்னா. வலிச்சாலும் அந்த நேரந்தான் அவளுக்குப் பிடிக்குமாம். அப்ப மட்டுந்தான் நீங்க அவளத் தொடுவீகளாம்."

அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்தேன். அப்படி இல்லை என்று சொல்ல வேண்டும். மூன்று வருஷத்தில் தலை பின்னும்போது தவிர எப்போது தொட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள் தலைவலிக்குத் தைலம் தேய்த்தேன், திருச்செந்தூரில் சந்தனம் பூசினேன். டாக்டரிடம் போய்விட்டு வரும்போது தோளில் சாய்ந்துகொண்டாள், அதுகூட அவளாகச் சாய்ந்ததுதான்.

நான் வெறுக்கவில்லை. பயந்தேன். முதலில் ஊருக்குப் பயந்தேன், பிறகு அந்தத் தலைக்குப் பயந்தேன். அந்தப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? நேரில் போய்ச் சொல்ல வேண்டும். முடி இல்லாவிட்டால் என்ன, வந்துவிடு என்று சொல்ல வேண்டும்.

ஜனவரி 26, ஞாயிறு

முதல் பஸ்ஸுக்கே விளாத்திகுளம் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வாசலில் வத்தல் காயப்போட்டிருந்தார்கள். நடையில் ராஜகனி கால் நீட்டி உட்கார்ந்திருக்க, சுபி அவள் மடியில் தலையை வைத்துப் படுத்திருந்தாள். ராஜகனி அந்தக் குட்டை முடிக்குள் விரல்விட்டு மெல்ல அளைந்துகொண்டிருந்தாள். சுபி ஏதோ சொல்லிச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். என்னைக் கண்டதும் சட்டென்று எழுந்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்து, நெற்றி மறையத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஒரு முடி வெளியே தெரியவில்லை.

"வாங்க சித்தி" என்றாள்.